ஊகித்தால் வாசிப்பு வருமா?

பேச்சு குழந்தைக்குக் கேட்டுக் கேட்டே வந்துவிடும். வாசிப்பு அப்படி வராது. எழுத்து தோன்றிச் சுமார் 5,000 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கெனப் பிறவியிலேயே மூளையில் இடம் இல்லை. பொருள்களை அடையாளம் காண உதவும் பார்வைப் பகுதியில், இடது பக்கம் ஒரு துண்டு, பயிற்சியால் எழுத்தை ஒலியோடு இணைக்கப் பழகுகிறது. சில முறை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகே ஒரு சொல் பார்த்த மாத்திரத்தில் பிடிபடும்.

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் நடந்தது வேறு. வாசிப்பை ஊக விளையாட்டு என்று 1967-இல் வர்ணித்தார் கல்வியாளர் கென்னத் குட்மன். தெரியாத சொல்லா? படத்தைப் பார், ஊகித்துக்கொள் என்றார்கள் ஆசிரியர்கள். உண்மையில் ஊகத்தைச் சார்ந்திருப்பவர் தடுமாறும் வாசகர். தேர்ந்தவரின் கண் எழுத்துகளையே பற்றுகிறது. 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, எழுத்தை ஒலியோடு இணைத்துக் கற்பிக்கும் ஒலிமுறையை ஆதரித்தும் பல வகுப்பறைகள் மாறவில்லை. ஆசிரியர்களில் பலருக்கு அதை யாருமே கற்பிக்கவில்லையே! அவர்களைக் குறை சொல்வது அநியாயம்.

இந்த நிலையை மாற்ற மிசிசிப்பி மாநிலம் 2013-இல் வாசிப்புக்கெனச் சட்டம் இயற்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது, பின்தங்கிய பள்ளிகளுக்கு வழிகாட்டிகளை அனுப்பியது. 2019-இல் அந்த ஏழை மாநிலத்தின் நான்காம் வகுப்பு வாசிப்பு மதிப்பெண் தேசியச் சராசரியை எட்டியது. வாசிப்பில் தேறாதவர்களை மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்தும் அச்சட்டத்தின் விதிக்கு அதில் எவ்வளவு பங்கு என்ற வாதம் மட்டும் ஓயவில்லை.