அதே இடத்துலதான் நிக்கிறோமா?



வீட்டில் மிஷின் போட்டுத் தைக்கும் சகோதரிகள் பலர் மாதக் கூட்டத்தில் சொல்வது இது: "வருஷக்கணக்கா தைக்கிறேன் மேடம், ஆனா அதே இடத்துலதான் நிக்கிறேன்." வேடசந்தூர் பக்கம் மில்லுக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் பிறந்தால் சம்பளம், தீபாவளிக்கு போனஸ். நமக்கு? நல்லா தைக்கிறே என்று யாரும் கூலியை ஏத்தித் தருவதில்லை. இந்தச் சோர்வு சோம்பேறித்தனம் அல்ல. சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு முன்னேற்றத்தை எடுத்துச் சொல்ல ஆள் கிடையாது. அதனால் இந்த வாரம் எத்தனை ஜாக்கெட் வந்தது என்பதை வைத்தே மனசு கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கு பல நேரம் தப்பு. ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியிலும் இல்லை. தீபாவளிக்கு முன்பு ராத்திரி பன்னிரண்டு மணி வரை மிதிக்கிறோம். ஆடியைப் போன வருஷத்து ஆடியோடு ஒப்பிட வேண்டுமே தவிர ஐப்பசியோடு அல்ல.

ஒப்பிட நோட்டு வேண்டும். குழுவுக்குத் தீர்மான நோட்டு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு எல்லாம் எழுதுகிறோம். ஊக்குநர் ஒரு மாதம் எழுதாவிட்டால் சும்மா விடுவோமா? சொந்தத் தொழிலுக்கு மட்டும் அளவு நோட்டோடு சரி. தைத்த துணி, ஆன நேரம், செலவு, வாங்கிய கூலி, பாக்கி, புதிதாக வந்தவர் என்று தினமும் ஒரு வரி போதும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதலாம்.

ஆறு மாதம் போனதும் புரட்டிப் பாருங்கள். முன்பு ஒரு நாள் பிடித்த லைனிங் ஜாக்கெட் இப்போது அரை நாளில் முடிகிறது, அடுத்த தெருவிலிருந்தும் ஆள் வருகிறது என்றால் நீங்கள் நகர்ந்திருக்கிறீர்கள்.

சிலருக்கு நிஜமாகவே தேக்கம் இருக்கும். ஒரு பேச்சுக்கு, கூலி 150 ரூபாய். லைனிங் துணி, நூல், கொக்கி, கரண்டு என்று 50 போனால் மீதி 100. நாலு மணி நேரம் ஆகிறதென்றால் மணிக்கு 25 ரூபாய்தான். குறை உங்கள் கையில் இல்லை, கூலியில் இருக்கிறது. "நம்ம பிள்ளைதானே" என்று பாதிக் கூலி கொடுக்கும் சொந்தக்காரர்கள் கணக்கும் நோட்டில் தெரிந்துவிடும். (அதை அவர்களிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் சாமர்த்தியம்!)

தனியாகக் கூலியை ஏற்றினால் துணி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. அகமதாபாத்தில் இளா பட் 1972-இல் தொடங்கிய சேவா சங்கத்தில், துண்டுத் துணிகளை இணைத்து மெத்தை உறை தைத்த பெண்கள் சேர்ந்து நின்றுதான் வியாபாரிகளிடம் கூலி உயர்வு கேட்டார்கள். ஒரே ஊரில் தைக்கும் நாலைந்து பேர் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து ஒரே ரேட் பேசி வைக்கலாம்.

இன்னொன்று. தூக்கமின்றி, சாப்பாடு இறங்காமல், இரண்டு வாரத்துக்கு மேலும் மனசு தேறாவிட்டால் அது நோட்டில் தீராது. அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416-க்குப் போன் செய்து தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

"வீட்ல சும்மா தைக்கிறா" என்று ஊர் சொன்னாலும், அரசுக் கணக்கில் நீங்கள் தொழிலாளி. தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு. இன்னும் பதியாதவர்கள் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் நகல்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.