ஹாக்கிக்கு வக்கீல்களும் வேண்டும்

தேனிக்குப் பக்கத்தில் உள்ள மதுரையில் 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் நடந்தன. அந்த ஆட்டத்தின் மேல் ஆசை வைக்கும் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளிடம் மட்டை பிடிப்பதையும் பயிற்சி கொடுப்பதையும் பற்றித்தான் பேசுகிறோம். ஆட்டத்தை நடத்தும் நிர்வாகமும் ஒரு தொழில். அதற்குச் சட்டப் படிப்பு உறுதியான அடித்தளம். தேனியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருப்பதால் இதை நம் மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

கேரி பெட்மன் இதற்குச் சான்று. 1977-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து வழக்கறிஞரானவர், 1981-ல் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் சேர்ந்து, அணிகளின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு வகுத்ததில் பங்கெடுத்தார். பனித்தரையில் ஆடப்படும் வட அமெரிக்க தேசிய ஹாக்கி லீக், 1993 பிப்ரவரியில் அவரைத் தன் முதல் ஆணையராக்கியது. அன்று 24 அணிகள், இன்று 32. ‘வக்கீல் வந்தால் வழக்குதான் வளரும்’ என்பவர்கள், கதவடைப்பால் 2004-05 பருவம் முழுவதும் ஆட்டமே நடக்காததைச் சுட்டிக்காட்டலாம். அந்த இழப்பு பெரியது. ரசிகர்களின் கோபமும் நியாயமானது. ஆனால் அதன் முடிவில்தான் சம்பள உச்சவரம்பு ஒப்பந்தமாக எழுதப்பட்டது. பணக்கார அணிகளோடு சிறு நகர அணிகள் போட்டிபோட வழி பிறந்தது.

விதி பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1928-க்குப் பிறகு முதன்முறையாக இந்திய ஆண்கள் ஹாக்கி அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாத 2008-ல், லஞ்சப் புகாரை அடுத்து இந்திய ஹாக்கி சம்மேளனமும் இடைநீக்கம் செய்யப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த ஹாக்கி இந்தியாவில் ஆயுள் தலைவர், ஆயுள் உறுப்பினர் பதவிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, நிர்வாகத்தை ஒரு குழுவிடம் ஒப்படைத்தது. ‘ஆடியவர்களே நிர்வகிக்கட்டும்’ என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதே ஆண்டு முன்னாள் வீரர் திலீப் திர்க்கி ஹாக்கி இந்தியாவின் தலைவரானது நல்ல தொடக்கம். ஆனால் 1975 உலகக் கோப்பையை வென்ற அணியின் அஸ்லம் ஷேர் கான், நீதிமன்றப் படியேறித்தான் இந்தத் தீர்ப்பைப் பெற முடிந்தது. ஆடியவரின் அனுபவத்துக்குச் சட்டம் தெரிந்தவரின் துணை தேவைப்பட்டது.

2025-ல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், சம்மேளனத் தேர்தல்களுக்கும் வழக்குகளுக்கும் தனி அமைப்புகளை ஏற்படுத்துகிறது. இனி பைலா எழுதவும், ஒப்பந்தம் படிக்கவும், கணக்கைக் கேள்வி கேட்கவும் ஆட்கள் நிறையத் தேவை. அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்தும் பெரியகுளம் போன்ற ஊர்களின் விளையாட்டுச் சங்கங்கள், தேனி சட்டக் கல்லூரி மாணவர்களை இப்போதே இந்த வேலைகளில் பழக்க வேண்டும். அணித் தேர்வில் அநீதி நேர்ந்தால் எங்கே முறையிடுவது என்று தெரியாமல் ஆட்டத்தையே விட்டுப்போகும் பிள்ளைக்கு, அந்த மாணவர்களே முதல் துணையாக இருப்பார்கள்.