இணையவழி அழைப்பில் மருத்துவரிடம் பேசும்போது

அம்மாவின் பயாப்ஸி முடிவை வாட்ஸ்அப் அழைப்பில் தெரிவிக்க இயலுமா, அதை இடையில் யாரேனும் ஒட்டுக்கேட்க முடியுமா என்று வெளியூரில் பணிபுரியும் மகள் ஒருவர் எங்கள் தொலைமருத்துவப் பிரிவில் அண்மையில் கேட்டார். இக்கேள்வியைப் பலரும் பல விதமாக எங்களிடம் கேட்பதுண்டு. வழியில் ஒட்டுக்கேட்பது மிகக் கடினம். அதைச் சுருக்கமாகவே விளக்கிவிடலாம். அழைப்பின் இரு முனைகளிலும் நடப்பவற்றைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டியுள்ளது. நோயாளியின் அந்தரங்கம் பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படுகிறது.

இணையவழி அழைப்பில் தங்கள் குரல் நொடிக்கு ஏறத்தாழ ஐம்பது சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, எண்களாக மாற்றப்பட்டு அனுப்பப்படுகிறது. முனைக்கு முனை மறையாக்கம் உள்ள செயலியில் இத்துண்டுகள் தங்கள் கைப்பேசியிலேயே பூட்டப்படுகின்றன. அவற்றைத் திறக்கும் சாவி எதிர்முனைக் கைப்பேசியில் மட்டுமே உண்டு. இடையிலுள்ள வைஃபை உரிமையாளரோ, இணைய இணைப்பு தரும் நிறுவனமோ, செயலியை நடத்தும் நிறுவனமோ அதைக் கேட்க இயலாது. வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் எல்லா அழைப்புகளும் இவ்வாறே செல்கின்றன. சிக்னல் செயலியிலும் அவ்வாறே. சாதாரணக் கைப்பேசி அழைப்பே பாதுகாப்பானது எனப் பெரியவர்கள் பலர் கருதுகின்றனர். அந்த அழைப்பு பொதுவாகக் கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே மட்டும்தான் மறையாக்கம் செய்யப்படுகிறது; தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்புக்குள் அப்பூட்டு இல்லை.

எனினும், ‘மறையாக்கம் உண்டு’ என்று விளம்பரம் செய்யும் செயலிகள் எல்லாம் ஒன்றல்ல. முனைக்கு முனை மறையாக்கம் இருப்பதாகக் கூறிக்கொண்டே ஜூம் நிறுவனம் சாவிகளைத் தன்னிடம் வைத்திருந்தது என அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2020 நவம்பரில் அந்நிறுவனம் ஆணையத்துடன் உடன்பாட்டுக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னர் அவ்வசதி ஜூமில் சேர்க்கப்பட்டது. ஆனால் அது தானாக இயங்குவதில்லை. கூட்டத்தை நடத்துபவர் அதைத் தெரிவு செய்ய வேண்டும்.

பேச்சு மறைந்தாலும், பேசியது மறைவதில்லை. யார் யாரை அழைத்தார், எப்போது, எவ்வளவு நேரம் என்னும் விவரங்கள் மறையாக்கத்துக்குள் அடங்குவதில்லை. தங்கள் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலிலும் அவை இருக்கும். வாரம் இருமுறை மனநல மருத்துவருடன் முக்கால் மணி நேரம் பேசியிருப்பதைப் பட்டியலில் காணும் உறவினருக்கு, பேசியது என்ன என்று தெரிய வேண்டிய தேவையே இல்லை.

கைப்பேசியே பழுதுபட்டிருந்தால் பூட்டால் பயனில்லை. 2019 மே மாதத்தில் வாட்ஸ்அப் அழைப்பு மென்பொருளில் ஒரு பெருங்குறை வெளிவந்தது. அழைப்பை ஏற்காவிட்டாலும், ஒரு தவறிய அழைப்பின் வழியாகவே பெகாசஸ் என்னும் உளவு மென்பொருள் உள்ளே நுழைய அது இடந்தந்தது. ஏறத்தாழ 1,400 பேரின் கைப்பேசிகள் குறிவைக்கப்பட்டன; நிறுவனம் உடனே திருத்தம் வெளியிட்டது. அத்தகைய விலையுயர்ந்த உளவு நம்மைப் போன்றோரை நாடி வருவது அரிது. ஆயினும், அத்திருத்தம் செயலியைப் புதுப்பித்தவர்களுக்கே பயன்பட்டது. புதுப்பிக்குமாறு வரும் அறிவிப்பை ‘பிறகு பார்க்கலாம்’ என்று மாதக்கணக்கில் தள்ளிவைக்க வேண்டா.

இனி, பேசும் இடம். ஆறு படுக்கைகள் உள்ள பொதுப்பிரிவில் ஒலிபெருக்கியைப் போட்டு மருத்துவரிடம் பேசுவதை நாள்தோறும் காண்கிறோம். செவிப்புலன் குறைந்த முதியவருக்கு வேறு வழியில்லை என்பர். காதுபேசியை அணியலாமே என்றால் அதுவும் பாதித் தீர்வுதான். மருத்துவரின் குரல் மறையும், நோயாளியின் குரல் மறையாது. எனவே அழைப்பு தொடங்கியதும், “அருகில் ஆட்கள் இருக்கிறார்கள்” என்று மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிடுங்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் விடையளிக்கும் வகையில் அவர் கேள்விகளை அமைத்துக்கொள்வார். கருச்சிதைவு குறித்தோ, பால்வினை நோய்ப் பரிசோதனை குறித்தோ மாமியார் வீட்டிலிருந்து பேச நேரும் பெண்களுக்கு இது பேருதவி. அவ்வாறே, படத்தில் தெரியாமல் உடனிருந்து கேட்பவர் யாரேனும் உண்டெனில் அதையும் மருத்துவருக்குத் தெரிவிப்பதே முறை.

எதிர்முனையில் இருப்பவர் யார் என்பது அடுத்த சிக்கல். திரையில் தோன்றும் பெயரையும் படத்தையும் யாரும் வைத்துக்கொள்ளலாம். மோசடிக்காரருடன் பேசினாலும் அழைப்பு உறுதியாகப் பூட்டப்பட்டே செல்லும்; பேசுபவர் யாரென்று அப்பூட்டு அறியாது. ‘அறுவை சிகிச்சைக்கு முன்பணம் உடனே கட்டுங்கள்’ என்றோ, ‘காப்பீட்டுப் படிவத்தை நிரப்ப உதவுகிறோம், திரையைப் பகிருங்கள்’ என்றோ அழைப்பு வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள். திரையைப் பகிர்ந்த நிலையில் வங்கி அனுப்பும் ஓடிபி எண் அவர்கள் கண்ணிலும் படும். பிறகு, தங்கள் புறநோயாளர் அட்டையில் அச்சிட்டுள்ள எண்ணுக்குத் தாங்களே அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இதில் எங்கள் பக்கமும் குறை இருந்தது. எங்கள் ஊழியர் சிலர் தம் சொந்தக் கைப்பேசிகளிலிருந்து அழைத்து வந்தனர். எது உண்மையான அழைப்பு என்று நோயாளி எவ்வாறு அறிவார்? அவ்வழக்கத்தை இப்போது நிறுத்திவிட்டோம். பணத்தை இழந்துவிட்டால் 1930 என்னும் எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவியுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் தெரிவித்தால் பணத்தை முடக்கிவைக்கும் வாய்ப்பு மிகுதி.

அழைப்பு முடிந்த பின்பும் சில எஞ்சுகின்றன. அழைப்பின்போது அனுப்பிய அறிக்கைப் படங்கள் கைப்பேசியின் படத்தொகுப்பில் தாமாகவே சேர்ந்து, பேரக்குழந்தைகள் பார்க்கும் திருமணப் படங்களுக்கு நடுவே கிடக்கும். குடும்பக் குழுவில் பகிர்ந்தால் எத்தனை கைப்பேசிகளுக்குச் செல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாட்ஸ்அப் காப்புப்படிகளுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் 2021 முதல் உண்டு. ஆனால் அமைப்புகளில் சென்று அதைத் தாங்களே இயக்க வேண்டும்.

மீண்டும் அந்த மகளின் கேள்விக்கு வருவோம். அவரிடம் உடனே முடிவைச் சொல்ல எங்கள் மருத்துவர் மறுத்துவிட்டார். மகளுக்கு வருத்தந்தான், பணம் கட்டுவதும் கவலைப்படுவதும் நான்தானே என்றார். 2020 மார்ச் 25 அன்று வெளியான இந்தியத் தொலைமருத்துவ நடைமுறை நெறிகளின்படி, நோயாளி தாமே அழைத்தால் அவ்வழைப்பே ஒப்புதலாகும். பராமரிப்பவர் அழைத்தாலோ நோயாளியின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். குரல்பதிவாகவோ குறுஞ்செய்தியாகவோ அனுப்பினாலும் போதும். நோயாளி சிறுவராகவோ, தாமே முடிவெடுக்க இயலாத நிலையிலோ இருந்தால் பராமரிப்பவரே பேசலாம். தெளிந்த நினைவோடு வீட்டில் இருக்கும் தாய் இவ்விரண்டிலும் அடங்கமாட்டார். வெளியார் ஒட்டுக்கேட்பதைப் பற்றி அஞ்சும் நாம், நோயாளி தம் குடும்பத்தாரிடமும் சிலவற்றை மறைக்க விரும்பலாம் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

அந்த அம்மையாரிடம் கேட்டோம். முடிவைத் தாமே முதலில் கேட்க வேண்டும் என்றார். மறுநாள் காலை, வீட்டு மொட்டைமாடியில் தனியே அமர்ந்து மருத்துவரை அழைத்தார். பத்து நிமிடம் கழித்து, மகளையும் அதே அழைப்பில் சேர்க்கச் சொன்னார்.