பழுதுபார்த்தலும் தரமுயர்த்தலும்: முதுமையுற்ற மேசைக் கணினி பற்றி

பழுதுபார்த்தல் என்பது ஒரு பொருளை அது முன்னிருந்த நிலைக்கு மீட்பது. தரமுயர்த்தல் என்பது அது முன்னொருபோதும் எய்தாத நிலைக்கு அதனை உயர்த்துவது. உடைந்த ஓட்டை மாற்றுவதும், ஓலைக்கூரையை நீக்கி ஓடு வேய்வதும் ஒன்றல்ல. ஆயினும் மேசைக் கணினி முதுமையெய்தித் தளரும்பொழுது இவ்விரண்டும் மக்கள் மனத்தில் மயங்கிவிடுகின்றன. ‘கணினி மெதுவாகிவிட்டது’ என்னும் ஒரே முறைப்பாட்டைக் கேட்டு, ஒருவர் குற்றமற்ற உறுப்பைக் கழற்றியெறிகின்றார். வேறொருவர் இனி வளர இடமில்லாத பொறியொன்றிற் பெரும்பொருளைப் புதைக்கின்றார். இன்னொருவர் கடன்பட்டுப் புதியதொன்றை வாங்குகின்றார். நடுத்தரக் குடும்பமொன்று பலமுறை எண்ணிப் பார்த்தே செலவிடவேண்டிய தொகை இஃதாதலின், ஊகத்துக்கு இடங்கொடுத்தல் தகாது.

எடுத்துக்காட்டாக, 2012ஆம் ஆண்டில் வெளிவந்த இன்ரெல் மூன்றாந் தலைமுறைச் செயலியும், 4 கிகாபைற்று நினைவகமும், 500 கிகாபைற்று வன்தட்டும் கொண்ட ஒரு பொறியை எடுத்துக்கொள்ளலாம். அது தொடங்குவதற்கே சில நிமிடங்கள் செல்லும். இத்தாமதத்துக்குச் செயலியின் முதுமையே காரணமெனப் பலர் கருதுவர். சிறு கணக்கொன்று அக்கருத்தைப் பொய்யாக்கிவிடும்.

மேசைக் கணினிகளிற் பெரிதும் வழங்கிய வன்தட்டு நிமிடத்துக்கு 7200 முறை, அஃதாவது செக்கனுக்கு 120 முறை, சுழல்வது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் ஆகும். வேண்டிய தரவு வாசிக்குந் தலையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று, ஏறக்குறைய 4 மில்லிசெக்கன், காத்திருத்தல் வேண்டும். தலையைத் தாங்கும் புயம் உரிய தடத்துக்கு நகர மேலும் 8 அல்லது 9 மில்லிசெக்கன் செல்லும். ஆகவே சிதறிக்கிடக்கும் தரவுத் துணுக்கு ஒன்றை எடுக்க 12 மில்லிசெக்கன் வரை ஆகின்றது. செக்கனுக்கு 300 கோடி துடிப்புடைய செயலியோ அதற்கிடையில் 3 கோடி 60 இலட்சம் துடிப்புக்களைக் கடந்துவிடுகின்றது. விரைவாக எழுதவல்ல எழுதுவினைஞர் ஒருவர், கோப்பு எடுத்துவரச் சென்ற சிற்றூழியர் திரும்பும்வரை எழுதுகோலை வைத்துக்கொண்டிருப்பது போன்றதே செயலியின் நிலை. எழுதுவினைஞரை மாற்றுவதாற் பயனென்ன?

கடைகளில் எஸ்.எஸ்.டி. என வழங்கும் திண்மநிலைச் சேமிப்பகத்திற் சுழலும் பகுதியுமில்லை, நகரும் புயமுமில்லை. அங்கே அதே துணுக்கை எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லிசெக்கன் போதும். 2012ஆம் ஆண்டுத் தாய்ப்பலகையிலுள்ள சாற்றா இணைப்பிலேயே இரண்டரை அங்குல அளவிலான இச்சேமிப்பகத்தைப் பொருத்தலாம். பழைய பொறியொன்றுக்குச் செய்யத்தக்க செலவுகளுள் இதற்கு நிகரான பலன் தருவது வேறில்லை எனத் துணிந்து கூறலாம். நினைவகக் குறைவும் இதனோடு தொடர்புடையதே. 4 கிகாபைற்று நிரம்பியவுடன் கணினி தட்டின் ஒரு பகுதியை நினைவகம்போற் கையாளத் தொடங்குகின்றது. மெதுவான தட்டு மேலும் சுமையேறித் திணறுகின்றது. கணினியே காட்டும் பயன்பாட்டு அளவீடுகளைப் பணி நடக்கும்பொழுது நோக்கினால், தட்டு நூறு வீதத்தில் நிற்கின்றதா, நினைவகம் நிரம்பியுள்ளதா, செயலி உண்மையிலேயே களைத்துள்ளதா என்பது சில நிமிடங்களிற் புலப்படும். இச்சோதனைக்குச் செலவு ஏதுமில்லை. ஆயினும் செய்வோர் மிகச் சிலரே.

செயலியை மாற்றுவதோ பெரும்பாலும் வீண். 2004ஆம் ஆண்டளவிலேயே செயலிகளின் துடிப்பு வேகம் முன்போற் பாய்ந்துயர்வது நின்றுவிட்டது. கடிதம் எழுதுவதற்கும் வினாத்தாள் அச்சிடுவதற்கும் 2012ஆம் ஆண்டுச் செயலி இன்றும் போதியதே. மேலும், அப்பொறியின் செயலித்தாங்கி இன்ரெலின் இரண்டாம், மூன்றாந் தலைமுறைகளை மட்டுமே ஏற்கும். அதற்குமேல் வேண்டுமாயின் தாய்ப்பலகையை மாற்றவேண்டும். பலகையை மாற்றினால் டி.டி.ஆர்.3 வகை நினைவகம் புதிய பலகையிற் பொருந்தாது. அந்நிலையிற் பெட்டி ஒன்றே பழையதாக எஞ்சும்.

இனிப் பழுதுகள். நாளும் நேரமும் நாள்தோறும் பின்னோக்கிச் செல்லுமாயின், தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ற்று நாணயவடிவ மின்கலம் தேய்ந்துவிட்டது. அதனை மாற்றுவது மிக எளிது. சிறிது நேரம் இயங்கித் தானே அணையுமாயின், விசிறியிற் படிந்த தூசியையும் செயலியின்மேல் உலர்ந்துபோன வெப்பங்கடத்தும் பசையையும் முதலில் ஐயுறவேண்டும். செம்மண் தூசியும் நீண்ட வெயிற்காலமும் உள்ள யாழ்ப்பாணத்தில் இப்பழுது புதுமையன்று. பசையைப் புதுப்பித்த பின்னரும் அணையுமாயின் மின்வழங்கி தளர்ந்திருத்தல் கூடும். அதனை முழுதாக மாற்றவேண்டுமேயன்றித் திறந்து பார்த்தல் ஆகாது. மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் அதனுள்ளிருக்கும் கொள்ளளவிகள் ஆபத்தான மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கும். வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்னும் ஒலி எழுமாயின் வேறெவ்வாராய்ச்சியும் வேண்டா. மீட்கத்தக்க கோப்புக்களை உடனே வேறோரிடத்திற் படியெடுத்தல் வேண்டும். பொறி விலைக்குக் கிடைக்கும். மாணவர் புள்ளிகளும் மறைந்த தந்தையின் நிழற்படமும் விலைக்குக் கிடையா.

உறுப்பொன்றும் தேயாமலே கணினி முதுமையெய்துவதும் உண்டு. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2015இல் வெளியிட்ட விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் நிறுத்தியது. 2021இல் வந்த விண்டோஸ் 11, இன்ரெல் வரிசையில் எட்டாந் தலைமுறைக்கு முந்திய செயலிகளை, மிகச் சில நீங்கலாக, முறைப்படி ஏற்பதில்லை. நன்கு இயங்கும் பொறிகள் இவ்வாறு புறத்தேயிருந்து வந்த ஆணையால் மூப்படைந்தன. இஃது உரிமையாளர்க்கு இழைக்கப்பட்ட அநீதியே எனலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் பெறாத பொறியில் வங்கிக் கணக்கைத் திறப்பது தகாது. எனினும் அதனைக் குப்பையிலெறிய வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் அதில் இயங்கும், ஒருங்குறித் தமிழும் அதிற் செவ்வனே எழுதப்படும். குறித்ததொரு விண்டோஸ் மென்பொருளையே சார்ந்து தொழில் செய்வோர்க்கு மட்டும் இவ்வழி உதவாது. அவர்க்குப் புதிய பொறியே தக்கது.

புதிய பொறியின் விலையிற் பாதிக்குமேற் செலவாகுமாயிற் பழையதைக் கைவிடுக என்பது கடைத்தெருவில் வழங்கும் விதி. அது நினைவிற் கொள்ள எளிது. ஆனாற் செலவிடும் பணம் எங்கே சென்று தங்குகின்றது என்பதை அது வினவுவதில்லை. சாற்றா சேமிப்பகமும், திரையும், விசைப்பலகையும் நாளை வாங்கும் பொறிக்கும் உதவும். அவற்றிற்கிட்ட பணம் பழைய பொறியோடு அழிவதன்று. டி.டி.ஆர்.3 நினைவகத்துக்கும் அத்தலைமுறைச் செயலிக்கும் இட்ட பணமோ தாய்ப்பலகை பழுதாகும் நாளிற் பெரும்பாலும் அதனோடு முடியும். ஆதலின் முன்னவற்றைப் புதிதாக வாங்கலாம். பின்னவற்றைக் கழிக்கப்பட்ட பொறிகளிலிருந்து குறைந்த விலைக்குப் பெறுதலே முறை. ஒரே வகைக் கணினிகள் பல உள்ள பாடசாலைக்கு இது மேலும் எளிது. பலகை பழுதான ஒன்றின் நினைவகத்தை மற்றொன்றிற் சேர்த்தால், செலவின்றியே 4 கிகாபைற்று 8 ஆகும். கழித்த பொறியைக் கொடுப்பதற்கு முன் அதன் வன்தட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளல் வேண்டும். அழித்த கோப்புக்களையும் பிறர் அதிலிருந்து மீட்டெடுத்தல் கூடும்.