குழந்தை பால் கக்கினால் தாய்ப்பாலை நிறுத்தலாமா?

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் காங்கேசன்துறையை விட்டு இடம்பெயர்ந்து, நலன்புரி நிலையங்களில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய்மார் இன்று அம்மம்மாக்களாகிவிட்டனர். அவர்களது பேரப்பிள்ளைகளிற் சிலர் விடுவிக்கப்பட்ட சொந்தக் காணிகளிலும், சிலர் இன்னமும் இரவற் காணிகளிலும் வளர்கின்றனர்.

அண்மையில் அத்தகைய குடும்பம் ஒன்றைச் சந்தித்தோம். இரண்டு மாதக் குழந்தை பால் குடித்ததும் தாயின் தோளிலே கக்கியது. "உன்ரை பால் பிள்ளைக்குச் சேரேல்லை. மாப்பால் கரைச்சுக் குடு" என்றார் அம்மம்மா. இளந்தாய் கண்கலங்கினார். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தோம். நிறைக்கோடு ஒழுங்காக மேலேறியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு நோய் எதுவும் இல்லை.

ஏன் கக்குகிறது?

உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று உண்டு. பால் இறங்கும்போது திறந்து, பின்பு மூடிக்கொள்வது அதன் வேலை. பச்சைக் குழந்தையில் அது இன்னும் உறுதிப்படவில்லை. புதிதாக மண் போட்டு அடைத்த வாய்க்கால் மடை கசிவதைப் போல, இரைப்பையிலுள்ள பால் அமிலத்துடன் கலந்து மேலேறுகிறது. பத்துக் குழந்தைகளில் நான்கு பேருக்காவது இது ஏற்படும். பெரும்பாலும் எட்டு வாரங்களுக்குள் தொடங்கி, நான்காம் மாதமளவில் கூடி, பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வயதுக்குள் தானாகவே நின்றுவிடும்.

ஆகவே எவ்வளவு கக்குகிறது என்பதை விட, நிறை கூடுகிறதா என்பதே முக்கியம். பிறந்த நிறையை இரண்டு வாரமளவில் மீண்டும் அடைந்து, பின்னர் முதல் மூன்று மாதங்களில் கிழமைக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் வரை கூட வேண்டும். முதற் கிழமைக்குப் பின், நாளுக்கு ஆறு தடவையாவது சலம் போக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுங்கள். ஒரேயடியாக அதிகம் கொடுக்காமல், அடிக்கடி கொடுங்கள்.
2. இடையிலும் முடிவிலும் தோளிற் சாய்த்து ஏவறை எடுக்கச் செய்யுங்கள்.
3. பால் குடித்த பின் அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்திருங்கள்.
4. நித்திரைக்கு மல்லாக்கவே கிடத்துங்கள். புரையேறும் என்று பயந்து குப்புறக் கிடத்துவது திடீர் மரணத்துக்கு இடமளிக்கலாம். தலையணையும் வேண்டாம்.

செய்யக் கூடாதவை

தாய்ப்பாலை நிறுத்திப் பால்மா கொடுப்பதால் கக்குதல் நிற்பதில்லை. சூப்பிப் போத்தலாலும் நீராலும் வயிற்றோட்டம் வரலாம். தோட்டம் செய்யும் நாம் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலத்தினூடாக, நாம் இடும் பசளையின் நைத்திரேற்று கிணற்று நீரை அடைகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. அது கூடிய நீர் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைத்து, உடல் நீலம் பாய வைக்கலாம். வைத்திய ஆலோசனைப்படி பால்மா கொடுப்போர் எந்த நீரைப் பாவிப்பது என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மாவின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

உரைமருந்து, வசம்பு, சீனித்தண்ணீர், கிறைப் வோட்டர் எதுவும் வேண்டாம். அமிலம் குறைக்கும் மருந்தும் நன்றாக வளரும் பிள்ளைக்குத் தேவையில்லை. அது தொற்று நோய்களுக்கு வழிவிடக்கூடும். வைத்தியர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• சத்தி பச்சையாகவோ இரத்தம் கலந்தோ இருத்தல்
• ஒவ்வொரு முறையும் பால் தூரத்தே பாய்ந்து விழுதல்
• வயிறு வீங்குதல், உச்சிக்குழி புடைத்தல்
• மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல்
• பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல், சலம் குறைதல்
• மூச்சுத் திணறல், நீலம் பாய்தல்

நிறை கூடாவிட்டாலும், ஆறு மாதத்தின் பின் புதிதாகக் கக்கத் தொடங்கினாலும் வைத்தியரிடம் காட்டத் தவற வேண்டாம்.

இரவில் வாகனம் இல்லையே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 2018 முதல் வடக்கிலும் இலவச அம்புலன்ஸ் சேவை உண்டு. அதன் இலக்கம் 1990. நாம் ஊரை விட்டு வந்த ஆண்டும் அதுவே என்பதால் மறக்காது.

அம்மம்மாமாரே, முகாமின் ஒற்றைக் கூரைக்குள் பிள்ளைகளை வளர்த்தெடுத்த உங்கள் சொல்லுக்கு வீட்டில் மதிப்புண்டு. அடுத்த முறை குழந்தை கக்கும்போது, "பயப்படாதை பிள்ளை, பாலைக் குடு, நிறையைப் பாப்பம்" என்று சொல்லுங்கள். தாய்க்கு அது பெரும் தைரியம்.