அடுத்த ஆட்டம் ஒன்றே கணக்கு



கால்பந்து அணியின் பயிற்சியாளரிடம், "இந்த வருஷம் கோப்பை உங்களுக்குத்தானா?" என்று நிருபர்கள் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். "எங்களுக்கு அடுத்த ஆட்டம்தான் முக்கியம்" என்பார். கேட்பவர்களுக்கு இது நழுவல் பேச்சாகத் தோன்றும். ஆனால் அதில் ஒரு தொழில்முறை இருக்கிறது. கடை நடத்துகிற நமக்கும் அது பயன்படும்.

முதலில் லீக் போட்டியின் கணக்கைப் பார்ப்போம். வென்றால் 3 புள்ளி, சமன் செய்தால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. முதல் வாரத்தில் எடுத்த புள்ளிக்கும் கடைசி வாரத்தில் எடுத்த புள்ளிக்கும் மதிப்பு ஒன்றே. ஆகவே இன்றைய ஆட்டத்தைச் சாதாரணம் என்று விட்டுவிட்டு, பெரிய ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நஷ்டக் கணக்கு.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2018-19 ஐ-லீக் போட்டியில் 11 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 20 ஆட்டங்கள். கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணிக்கு, சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டம், எதிரே மினர்வா பஞ்சாப். ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கி, இடைவேளையின்போது சென்னை அணி பின்தங்கியிருந்தது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே என்ன ஆகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தால் இங்கே கால் ஓடியிருக்காது. இரண்டாம் பாதியில் மூன்று கோல் அடித்து 3-1 என்று வென்றார்கள். சென்னைக்கு 43 புள்ளி, அன்று தானும் வென்ற ஈஸ்ட் பெங்காலுக்கு 42. சமன் செய்திருந்தால்கூட 41தான். கோப்பை கல்கத்தாவுக்குப் போயிருக்கும். அந்த ஒரு புள்ளி எந்த ஆட்டத்தில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 20 ஆட்டங்களிலும் சேர்ந்து வந்தது.

தோல்விக்குப் பிறகு என்ன செய்வது? அதற்கு 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியைப் பார்க்க வேண்டும். இந்திய அணியின் பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அதோடு அவர் மனம் உடையவில்லை. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வரிசையாக வென்றார்கள். நடுவே தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றி ஆட வைத்தார். செப்டம்பர் 4 இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தது அதே தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. 2-1 என்று தங்கம் நமக்கு. மதராஸ் ரெஜிமெண்ட் அணியில் ஆடிப் பெயர் பெற்ற பீட்டர் தங்கராஜ் அன்று கோல் காத்தார். ரஹீமோ புற்றுநோயால் பீடிக்கப்பட்டு அடுத்த வருஷமே காலமானார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுத்த ஆட்டம் மட்டும் என்றால் பயிற்சியாளருக்குத் திட்டமே இல்லை என்று பொருள் அல்ல. யாருக்கு எப்போது ஓய்வு, யாருக்கு மஞ்சள் அட்டை ஏறுகிறது, எந்த ஊருக்கு என்றைக்குப் பயணம் என்று பருவம் முழுவதற்கும் அவரிடம் கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு அவர் சட்டைப்பையில் இருக்கும். ஆட்டக்காரர்களின் தலையில் அதை ஏற்றமாட்டார். அவர்களுக்கு எதிரணி யார், தன் வேலை என்ன, இவ்வளவுதான்.

கடையிலும் இதே முறைதான் வேண்டும். எங்கள் திருமழபாடியில் பங்குனியில் நந்தி கல்யாணம். அதற்கான கொள்முதலை முன்கூட்டியே யோசிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. அன்று காலை கடை திறந்தபின் அந்த யோசனைக்கு இடமில்லை. எதிரே நிற்கிற வாடிக்கையாளருக்கு எடை சரியாகப் போட்டு, மீதிச் சில்லறை சரியாகக் கொடுப்பதுதான் வேலை.

இன்று பெரிய அங்காடிகளும் செல்போன் வழி விற்பனையும் வந்தபின், நம்மில் பலர் "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கடை?" என்று கடைப் பையன்கள் காதுபடவே புலம்புகிறோம். அதைக் கேட்ட பையனுக்குக் கை தளர்கிறது, முகம் வாடுகிறது. வந்த வாடிக்கையாளரும் அதைக் கண்டுகொள்கிறார். நாளைக்கு வரப்போகிற நஷ்டத்தை நாமே இன்றைக்கு வரவழைத்துக்கொள்கிறோம்.

ஆகவே சில யோசனைகள்:

1. தினமும் இரவு கல்லாக் கணக்கு, இருப்பு, பாக்கி மூன்றையும் முடித்துவிட்டே கடை சாத்துங்கள். இன்றைய தவறை இன்றே பேசி முடியுங்கள். மறுநாள் காலை அதைக் கிளற வேண்டாம்.

2. வட்டி, தவணை, பண்டிகைக் கொள்முதல் ஆகியவற்றைப் பார்க்க வாரத்தில் ஒரு வேளை ஒதுக்குங்கள். அதைக் கடை நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

3. எதிர்க் கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். நம் கடையில் கேட்டு இல்லையென்று திரும்பிய சரக்கு எது என்பதைச் சிட்டையில் குறித்து வையுங்கள்.

4. கவலை முதலாளியோடு இருக்கட்டும். கடைப் பையனுக்கு இன்றைய வேலையை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.

வருஷக் கணக்கு என்பது தனியாக ஒன்றில்லை; அன்றன்றைய கணக்குகளின் கூட்டுத்தொகைதான்.