வெளியூரிலிருந்து வந்து கடை போட்டவருக்கும் உரிமை உண்டு

பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து, சாலையோரத்தில் பழமோ துணியோ விற்று ஹலாலாகச் சம்பாதிக்கும் குடும்பங்கள் நம் மஹல்லாவிலும் இருக்கின்றன. 'வெளியூர்க்காரர்' என்று யாராவது விரட்டினால் அவர்கள் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, 5 ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுத்து, விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். தானோ குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்வோம், வேறு பிழைப்பு இல்லை, சான்றிதழை வாடகைக்கு விடமாட்டோம் என்று உறுதி கொடுக்க வேண்டும். சொந்த ஊர் எது என்பது அந்த உறுதிமொழியில் இல்லை. பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் முன்னுரிமை தரச் சட்டம் இடமளிக்கிறது.

கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றக்கூடாது. பிறகும் 30 நாள் முன்னறிவிப்பு தேவை.

கணக்கெடுக்க வரும்போது கடையில் இருங்கள். அதற்குப் பின் ஊருக்கு வந்தவர்களும் நகராட்சியில் விண்ணப்பிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு நம் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும், அதுவும் ஸதகாதான்.